இளைப்பாறும் வழி எல்லார்க்கும் ஆகுக

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற சொற்பொழிவு வரிசையில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

திருவிழா என்பது வழிபாடு மட்டுமன்று. ஊர் முழுவதும் ஒன்றாக இளைப்பாறும் நாளும் ஆகும். காலையில் அபிடேகம் கண்ட கண்கள் மாலையில் பரதம் காண்கின்றன. நாதசுரமும் தவிலும் முழங்குகின்றன. பிள்ளைகள் பிரகாரத்தில் ஓடி விளையாடுகின்றனர். நெடுநாள் சந்திக்காத உறவினர் அன்னதானப் பந்தியில் அருகருகே அமர்கின்றனர். உழைத்துக் களைத்த உடலுக்கும் கவலையால் கனத்த உள்ளத்துக்கும் வேண்டிய ஆறுதலை முன்னோர் ஆலயத்தோடு சேர்த்தே வைத்தனர். ஆகவே, ஓய்வையும் களிப்பையும் பற்றி ஆலய மேடையில் பேசுவது இடத்துக்குப் பொருந்தாத பேச்சன்று.

ஓய்வு வேறு, சோம்பல் வேறு. 1948-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட உலக மனித உரிமைப் பிரகடனம், தன் 24-ஆம் பிரிவில், ஓய்வும் ஓய்வுப்பொழுதும் மனிதர் ஒவ்வொருவர்க்கும் உரிய உரிமைகள் என்று கூறுகிறது. உணவு, உறையுள், கல்வி ஆகியவற்றைச் சொன்ன அதே ஆவணத்தில் இதற்கும் ஓர் இடம் உண்டு. பாட்டும் விளையாட்டும் நண்பர் கூட்டமும் இல்லாத வாழ்க்கை, உயிர் இருந்தும் வாட்டமுற்ற வாழ்க்கை என்பதை உலகம் அறிந்திருந்தது.

இம்மண்டபத்தில் இன்று வந்திருப்போரைக் காண்பது எளிது. வராதவர் யார், ஏன் வரவில்லை என்று எண்ணிப் பார்ப்பது அரிது. இவ்வுரையின் நோக்கம் அந்த அரிய செயலைச் சிறிது நேரம் செய்து பார்ப்பதே.

திருநாளைப்போவார் நாயனாரின் வரலாறு அன்பர்கள் அறியாததன்று. ஆதனூரில் தோன்றிய நந்தனார், ஆலயங்களின் பேரிகைக்குத் தோலும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்துவந்தார்; ஆயினும், பிறந்த குலத்தைக் காட்டி வகுத்த வழக்கத்தால் அவ்வாலயங்களின் வாயிலுக்கு வெளியிலேயே நின்றார். திருப்புன்கூரில் அவர் சிவலோகநாதரைக் காண விழைந்தபோது இடையில் நந்தி மறைத்தது. இறைவன் நந்தியை விலகச் செய்து அடியவருக்குக் காட்சி தந்தான் என்று சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் உரைக்கின்றார். இன்றும் திருப்புன்கூர் செல்வோர் நந்தி நேர்க்கோட்டினின்றும் விலகியிருத்தலைக் காணலாம்.

இவ்வரலாற்றில் இன்றைய பொருளுக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. காண இயலாத அடியவரைப் பார்த்து, "இன்னும் சற்று எட்டிப் பார்" என்று இறைவன் சொல்லவில்லை. மறைத்ததையே விலகச் சொன்னான். தடை அடியவரிடம் இல்லை, வழியில் இருந்தது. ஆயினும் நந்தி விலகிய பின்னும் நந்தனார் வாயிலுக்கு வெளியிலேதான் நின்றார் என்பதையும் மறத்தலாகாது. அவ்வழக்கம் மனிதர் செய்தது. அதை நீக்குவதும் மனிதர் கடமையாயிற்று. மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்தில் வைத்தியநாத ஐயர் தலைமையில் ஆலயப் பிரவேசம் நிகழ்வதற்கு 1939-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்தீவின் இந்தியர்களுக்கும் வாயிலில் நின்ற அனுபவம் உண்டு. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் ஐரோப்பியரின் மன்றங்கள் ஐரோப்பியருக்கே உரியனவாக இருந்தன. மாலையில் பந்தாடவும், நண்பரோடு அமர்ந்து பேசவும் விரும்பிய இந்தியர் 1923-இல் சிங்கப்பூர் இந்தியர் சங்கத்தை அமைத்தனர். பாலஸ்டியர் வெளியில் அச்சங்கமும், இலங்கையர் விளையாட்டுச் சங்கமும், சீக்கியரின் கால்சா சங்கமும் அடுத்தடுத்துத் திடல்கள் கொண்டன. இந்தியர் சங்கக் கட்டடத்துக்கு 1950-இல் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். வாசல் மூடப்பட்டிருந்த மக்கள் தமக்கென ஒரு வாசலை எழுப்பிக்கொண்ட வரலாறு இது. இன்று அவர்களின் வழித்தோன்றல்கள் ஆலயங்களையும் சங்கங்களையும் மன்றங்களையும் நடத்துகின்றனர். திறவுகோல் அவர்கள் கையில் இருக்கிறது. எனவே, இப்போது வாசலுக்கு வெளியே நிற்பவர் யார் என்று கேட்கும் கடமையும் அவர்களுக்கே உரியது.

வெளியே நிறுத்தும் தடைகளை ஐந்தாக வகுத்துக்கொள்ளலாம். படி, பொழுது, பொருள், துணை, பார்வை என்பன அவ்வைந்து.

முதலாவது தடை: படி

நடக்க வல்லவருக்குப் படி என்பது கண்ணில் படாத பொருள். சக்கர நாற்காலியில் செல்வோருக்கு ஒரே ஒரு படியும் மதிற்சுவர் ஆகும். லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீடுகளின் முன்னே 'அஞ்சடி' என்று முதியோர் வழங்கும் ஐந்தடி நடைவழி உண்டு. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கிச் செல்ல வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு 1822-இல் ராபிள்ஸ் நகரத் திட்டத்தில் இடம்பெற்ற ஏற்பாடு அது. ஆனால் ஒவ்வொரு கடையின் முன்னும் அதன் தளம் ஒவ்வோர் உயரத்தில் இருக்கும். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையே ஓரடி ஏற்றம்; பிறகு ஓரடி இறக்கம்; நடுவே காய்கறிக் கூடைகள், பூமாலைத் தட்டுகள். 1989-இல் லிட்டில் இந்தியா பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. பழைமையைக் காப்பது தேவையே. எனினும் அந்தப் பழைமையின் அழகைச் சக்கர நாற்காலியில் வருவோரும் கண்டு மகிழ வழி வேண்டும்.

நாட்டின் பெருவிரைவு ரயில் 1987 நவம்பர் 7-ஆம் நாள் ஓடத் தொடங்கியது. தூய்மையிலும் விரைவிலும் உலகம் வியந்த அந்த ரயிலின் தொடக்கக் கால நிலையங்கள், சக்கர நாற்காலியில் செல்வோரை எண்ணிக் கட்டப்பட்டவை அல்ல. தடையற்ற கட்டட விதிமுறைத் தொகுப்பு 1990-இல் நடைமுறைக்கு வந்தது. பழைய நிலையங்களில் மின்தூக்கியும் சரிவுப்பாதையும் அமைக்கும் பணி பின்னர் மேற்கொள்ளப்பட்டு, 2006-ஆம் ஆண்டளவில் நிலையந்தோறும் ஒரு தடையற்ற வழியேனும் அமைந்தது. 2003-இல் திறக்கப்பட்ட வடகிழக்குப் பாதையோ தொடக்கத்திலேயே மின்தூக்கிகளோடு கட்டப்பட்டது. லிட்டில் இந்தியா நிலையம் அப்பாதையில் உள்ளது. ஆகவே, தேக்கா சந்தையின் அருகே சக்கர நாற்காலியில் ஒருவர் தனியாக வந்து இறங்க முடிந்தது. சக்கர நாற்காலி ஏறக்கூடிய பேருந்துகள் 2006-இல் ஓடத் தொடங்கின. 2020 டிசம்பருக்குள் பொதுப் பேருந்துகள் அனைத்தும் அத்தகையனவாயின.

இவ்வாண்டுகளை வரிசையாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1987-இல் வீட்டிலேயே இருந்த ஒருவரின் கால்கள் 2006-இல் குணமாகிவிடவில்லை. அவர் அப்படியேதான் இருந்தார். மாறியது நிலையம். மாறியபின் அவர் கடற்கரைக்குச் சென்றார், நூலகத்துக்குச் சென்றார், திருவிழாவுக்கு வந்தார். அதற்கு முந்தைய ஆண்டுகளில், "அவரால் வர இயலாது" என்று உற்றார் சொன்னது முழு உண்மையன்று. அவர் வருவதற்கு வழி செய்யப்படவில்லை என்பதே உண்மை.

இரண்டாவது தடை: பொழுது

வழி இருந்தும் நேரம் இல்லாதவர் உண்டு. இல்லப் பணிப்பெண்களை முதலில் நினைக்க வேண்டும். வாரம் ஒரு நாள் ஓய்வு என்பது, 2013 சனவரி முதல் நாள் தொட்டு வழங்கப்பட்ட அல்லது புதுப்பிக்கப்பட்ட வேலை அனுமதிகளுக்குத்தான் கட்டாயமாயிற்று. அப்போதும், பணிப்பெண் இசைந்தால் ஓய்வு நாளுக்கு ஈடாக ஊதியம் கொடுக்கலாம் என்ற இடம் இருந்தது. ஒரே கூரையின்கீழ் வாழும் முதலாளியிடம் 'இசைய மாட்டேன்' என்று சொல்வது எளிதன்று. 2023 சனவரி முதல் நாள் தொடங்கி, மாதத்துக்கு ஒரு நாளேனும் ஊதியத்தால் ஈடுசெய்ய முடியாத ஓய்வு நாளாக அளித்தல் வேண்டும் என்று விதி வந்தது. விதி ஒரு நாளைத் தருகிறது. அந்த நாளில் அவர் மனம் கலங்காமல் வெளியே செல்வதற்கு வேண்டிய முகமலர்ச்சியை விதி தர இயலாது. அதை இல்லத்தாரே தர வேண்டும். திருவிழாவுக்குப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்காக அழைத்து வரப்படும் பணிப்பெண், அங்கும் பணியிலேதான் இருக்கிறார் என்பதை அன்பர்கள் எண்ணுதல் நலம்.

அடுத்து, வெளிநாட்டு ஊழியர்கள். இத்தீவின் வீடுகளையும் பாலங்களையும் சுரங்கப் பாதைகளையும் கட்டும் தமிழகத்து, வங்கதேசத்து இளைஞர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையே ஊர், தேக்காவே திண்ணை. ஊருக்குப் பணம் அனுப்புவதும், சொந்த ஊர்க்காரரைக் காண்பதும், வாழை இலையில் உண்பதும், ஆலயத்தில் ஒரு விளக்கேற்றுவதும் சில மணி நேரத்தில் முடிய வேண்டும். 2013 டிசம்பர் 8-ஆம் நாள் இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் ஊழியர் ஒருவர் பேருந்தில் சிக்கி உயிரிழந்ததைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. அதன்பின் வட்டாரத்தில் கட்டுப்பாடுகள் கூடின; விடுதிகளுக்கு அண்மையில் பொழுதுபோக்கு நிலையங்களை அமைக்கும் முயற்சியும் வலுப்பெற்றது. கடைகளும் விளையாட்டுத் திடல்களும் கொண்ட அந்நிலையங்கள் பயன் மிக்கவையே. எனினும் இளைப்பாறுதல் என்பது பந்தாடுவதோடு முடிவதன்று. நகரத்து மக்களோடு மக்களாக நடப்பதும், தான் கட்டிய நகரைத் தான் பார்ப்பதும் அதில் அடங்கும்.

பொழுதின் அருமையை 2020-ஆம் ஆண்டு உணர்த்தியது. அவ்வாண்டு ஏப்ரலில் கொவிட் தொற்று தங்கும் விடுதிகளில் பரவியபோது ஊழியர்கள் விடுதிகளுக்குள்ளேயே இருக்க நேர்ந்தது. தீவின் மற்ற மக்கள் மீண்டும் கடைத்தெருவுக்குச் சென்ற பின்னும், அவர்களுக்கு வெளியுலகம் திறக்க நெடுநாள் ஆயிற்று. 2021 செப்டம்பரில் சோதனை முயற்சியாக, தடுப்பூசி போட்டுக்கொண்ட ஊழியர்களுள் வாரத்துக்கு 500 பேர் வரை, ஆறு மணி நேரம் குறிப்பிட்ட இடங்களுக்குச் சென்றுவர இசைவளிக்கப்பட்டது. அவ்விடங்களுள் லிட்டில் இந்தியாவும் ஒன்று. ஓராண்டுக்கும் மேலாக ஒரு மாலைப் பொழுதுக்குக் காத்திருந்த அவர்களை நினைத்தால், விரும்பியபோது வெளியே செல்லும் பேறு எத்துணைப் பெரிது என்பது விளங்கும்.

பொழுதின்மை வெளிநாட்டவருக்கு மட்டும் உரிய துன்பமன்று. படுக்கையில் கிடக்கும் கணவரை, மறதி நோயுற்ற அன்னையை, சிறப்புக் கவனிப்புத் தேவைப்படும் பிள்ளையை இரவுபகலாகப் பேணும் இல்லத்தரசியர் பலர் உள்ளனர். அவர்களுக்கு எந்த விதியும் வார ஓய்வு நாளை வகுக்கவில்லை. நோயாளியை நலம் விசாரிக்க வருவோர் பலர். "இரண்டு மணி நேரம் இவரை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் கச்சேரி கேட்டு வாருங்கள்" என்று சொல்வோர் சிலரே.

மூன்றாவது தடை: பொருள்

செலவில்லாத இன்பங்கள் இத்தீவில் குறைவல்ல. 2015-இல் உலக மரபுடைமைத் தலமாகிய தாவரவியல் பூங்காவில் காலாற நடக்கக் கட்டணம் இல்லை. தேசிய அரும்பொருளகங்களில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2013 மே 18 முதல் நுழைவு இலவசமாயிற்று. கேம்பல் சந்தில் 2015-இல் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையத்தில் தம் முன்னோர் வரலாற்றை அவர்கள் கட்டணமின்றிக் காணலாம். எஸ்பிளனேட் கலையரங்கம் 2002-இல் திறக்கப்பட்டது முதல் நடத்திவரும் 'கலா உற்சவம்' விழாவில் இலவச நிகழ்ச்சிகளும் இடம்பெறுகின்றன. 2014-இல் தொடங்கிய 'ஆக்டிவ் எஸ்ஜி' திட்டத்தில் சேர்ந்த குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் முதலியவற்றில் பயன்படுத்த 100 வெள்ளி கணக்கில் வரவு வைக்கப்பட்டது.

அங்ஙனமாயின் பொருள் எவ்வாறு தடையாகும்? நுழைவுச் சீட்டின் விலை செலவின் ஒரு பகுதியே. நடக்க இயலாத முதியவரை வாடகைக் காரில் அழைத்துச் சென்று திரும்பும் செலவு, வெளியில் உண்ணும் செலவு, வீட்டு நோயாளிக்கு ஒருவரை அமர்த்தும் செலவு ஆகியவை சேரும்போது இலவச நிகழ்ச்சியும் விலையுயர்ந்ததாகிவிடும். நாட்கூலிக்காரருக்கு ஓய்வு என்பதே இழந்த கூலி. மேலும், "அங்கே எவ்வளவு கேட்பார்களோ, எதை உடுத்திச் செல்வதோ" என்ற ஐயமே பலரைப் படியேற விடாமல் தடுக்கிறது. ஆலயங்களில்கூட, அர்ச்சனைச் சீட்டு வாங்காமல் வந்தால் முகம் சுளிப்பார்களோ என்று தயங்கும் எளியவர் உண்டு. 'கட்டணம் இல்லை, அனைவரும் வரலாம்' என்ற இரண்டு தொடர்களை அழைப்பிதழில் தெளிவாக அச்சிடுவதற்குச் செலவு ஏதும் இல்லை. அதனால் வரும் மக்களோ பலர்.

நான்காவது தடை: துணை

வீடமைப்புப் பேட்டைகளில் முதியோர் ஒன்றுகூடும் துடிப்பாக மூப்படையும் நிலையங்கள் உள்ளன. உடற்பயிற்சி, பாட்டு, கைவினை, சிற்றுலா எனப் பல நிகழ்ச்சிகள் அங்கே நடைபெறுகின்றன. ஆயினும் தமிழ் மட்டுமே பேசத் தெரிந்த ஒரு மூதாட்டி அங்குச் சென்று அமர்ந்தால், சுற்றிலும் சீனமும் ஆங்கிலமும் ஒலிக்கும்போது, சிரித்துத் தலையசைத்துவிட்டு வீடு திரும்புவார். மறுநாள் செல்லமாட்டார். அவரை யாரும் விலக்கவில்லை. ஆனால் அவரோடு பேச ஒருவரும் இல்லை. அதே பேட்டையில் மற்றொரு தமிழ்மூதாட்டி நான்கு மாடிக்கு மேலே தனித்திருப்பார். இருவரையும் ஒருவர்க்கொருவர் அறிமுகம் செய்துவைத்தால் இரண்டு தடைகள் ஒரே நாளில் நீங்கும்.

துணையின் ஆற்றலை லிட்டில் இந்தியாவிலேயே காணலாம். 'பங்ளார் கந்தா' என்னும் வங்கமொழி இதழின் ஆசிரியர் ஏ. கே. எம். மொஹ்சின், 2011-இல் ரோவல் சாலையில் 'திபாஷ்ரம்' என்ற கூடத்தைத் தொடங்கினார். வெளிநாட்டு ஊழியர்கள் வந்து அமரவும், பாடவும், கவிதை படிக்கவும் இடமாக அது அமைந்தது. 2014-இல் வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டி தொடங்கியது. அடுத்த ஆண்டு தமிழ் உள்ளிட்ட பிற மொழியினரும் பங்குபெற்றனர். கம்பியும் கற்காரையும் சுமந்த கைகள் கவிதையும் எழுத வல்லவை என்பதை நகரம் கண்டது. அந்தக் கவிதை அவர்களுக்குள் முன்னரே இருந்தது. அமர ஓர் இடமும் கேட்க ஒரு செவியும் கிடைத்தபோது வெளிவந்தது.

ஐந்தாவது தடை: பார்வை

மற்ற நான்கையும் தாங்கி நிற்கும் தூண் இதுவே. பார்வை இருவகைப்படும்: பிறர் பார்க்கும் பார்வை ஒன்று, தன்னைத் தான் பார்க்கும் பார்வை மற்றொன்று.

மதியிறுக்கம் உடைய குழந்தை மேளச் சத்தம் கேட்டு அலறும்போது, கூட்டம் திரும்பிப் பார்க்கிறது. "பிள்ளையை வளர்க்கத் தெரியவில்லை" என்று யாரோ முணுமுணுக்கின்றனர். அந்தத் தாய் அடுத்த ஆண்டு திருவிழாவுக்கு வருவதில்லை. எந்த வாயிலும் மூடப்படவில்லை. ஒரே ஒரு பார்வை அவ்வேலையைச் செய்துவிட்டது. உடற்குறையுள்ளோரைக் கண்டதும், "ஐயோ பாவம், எந்தப் பிறவியில் செய்த வினையோ" என்று உரத்துச் சொல்வதும் அத்தகையதே. இரக்கம் என்று எண்ணிச் சொல்லும் அச்சொல், கேட்பவரைக் கூட்டத்தினின்றும் பிரித்துவிடுகிறது.

தன்னைத் தான் பார்க்கும் பார்வையோ இன்னும் நுட்பமானது. "எனக்கு எதற்கு? நீங்கள் போய் வாருங்கள்" என்று பாட்டி சொல்கிறார். வீட்டார் அதை விருப்பமின்மை என்று கொண்டு புறப்பட்டுவிடுகின்றனர். அச்சொல்லுக்குப் பின்னே, மெதுவாக நடந்து பிறரைத் தாமதப்படுத்துவோமோ, கழிவறை தேடி அலையச் செய்வோமோ, பிள்ளைகளுக்குச் சுமையாவோமோ என்ற அச்சம் இருக்கிறது. ஒருமுறைக்கு இருமுறை அழைப்பதும், "நீங்கள் வந்தால்தான் எங்களுக்கு மகிழ்ச்சி" என்று சொல்வதும், நடை மெதுவானால் தாமும் மெதுவாக நடப்பதும் அத்தடையை நீக்கும் வழிகள்.

இப்பார்வையை மாற்றுவதில் சிங்கப்பூருக்கு உலக வரலாற்றில் ஓர் இடம் உண்டு. இளமையிலேயே கண்பார்வை இழந்த ரான் சந்திரன் டட்லி, இந்நாட்டின் இந்திய வம்சாவளிப் பெருமகன். உடற்குறையுள்ளோரைப் பற்றி முடிவு செய்யும் அவைகளில் உடற்குறையுள்ளோரே சம பங்கு பெற வேண்டும் என்ற கோரிக்கை 1980-இல் கனடாவின் வின்னிபெக் மாநாட்டில் ஏற்கப்படாதபோது, அவர்கள் தமக்கென ஓர் உலக அமைப்பைக் காண முடிவு செய்தனர். அவ்வமைப்பின் முதல் உலக மாநாடு 1981-இல் சிங்கப்பூரிலேயே கூடியது. அதன் முதல் தலைவராக ரான் சந்திரன் டட்லி விளங்கினார். 2015-இல் அவர் மறைந்தார். 'எங்களுக்கு இரக்கம் காட்டுங்கள்' என்பதன்று அவர்தம் கோரிக்கை. 'எங்களையும் உடன் அமர்த்திக் கேளுங்கள்' என்பதே.

அவ்வியக்கத்தின் தொடர்ச்சியாக 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை உடற்குறையுள்ளோர் உரிமை ஒப்பந்தத்தை ஏற்றது. அதன் 30-ஆம் பிரிவு, கலை, பொழுதுபோக்கு, விளையாட்டு ஆகியவற்றில் பங்குகொள்ளும் உரிமையைத் தனியே எடுத்துரைக்கிறது. சிங்கப்பூர் 2013-இல் அவ்வொப்பந்தத்தை உறுதிப்படுத்தியது. இடையில் 2008-இல் பெய்ஜிங் உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக்கில் நீச்சல் வீராங்கனை யிப் பின் சியூ சிங்கப்பூருக்கு முதல் தங்கம் ஈட்டினார். 2024-இல் பாரிசில் பெற்ற இரண்டோடு அவர் வென்ற தங்கங்கள் ஏழு. அவரைப் போற்றுவது தகும். எனினும் நீந்த விரும்பும் ஒவ்வொருவரும் தங்கம் வென்று தம் தகுதியை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தண்ணீரில் இறங்கி மகிழ்வதற்கு மனிதராகப் பிறந்ததே போதிய தகுதி.

ஆலயங்கள் ஆற்றத்தக்கவை

அன்பர்களே! இவ்வைந்து தடைகளையும் அரசாங்கம் ஒன்றே நீக்கிவிட இயலாது. ஆலயமும் இல்லமும் செய்யத்தக்கவை பல. அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெருஞ்செலவும் தேவையில்லை.

வாயிற்படியின்மீது உறுதியான சரிவுப் பலகை ஒன்று இடலாம். சக்கர நாற்காலிகளுக்குக் கூட்டத்தின் பின்வரிசையை ஒதுக்காமல், மேடையும் சன்னிதியும் நன்கு தெரியும் இடத்தை ஒதுக்கலாம். முன்னால் நிற்போர் மறைத்தால் அங்கும் ஒரு நந்தி நிற்கிறது என்று கொள்ளவேண்டும். விழா நாள்களில் மேளமும் ஒலிபெருக்கியும் ஓய்ந்திருக்கும் ஒரு மணி நேரத்தை முன்னரே அறிவித்து, ஓசை தாங்காத பிள்ளைகளையும் அவர்தம் பெற்றோரையும் அந்நேரத்தில் வரவேற்கலாம். செவித்திறன் குறைந்தோருக்காகச் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவரைச் சொற்பொழிவுக்கு அழைக்கலாம். நிகழ்ச்சி நிரலைப் பெரிய எழுத்தில் அச்சிடலாம். கழிவறை எங்குள்ளது, மின்தூக்கி உண்டா, நிகழ்ச்சி எத்தனை மணிக்கு முடியும் என்ற மூன்று செய்திகளை அழைப்பிதழில் சேர்த்தால், முதியோரின் தயக்கத்தில் பாதி நீங்கும்.

இளைஞர் குழுவினர் வட்டாரந்தோறும் ஒரு பட்டியல் அமைத்து, தனித்திருக்கும் முதியோரை வீட்டிலிருந்து அழைத்து வந்து மீண்டும் வீட்டில் சேர்க்கலாம். மாதர் குழுவினர் முறைவைத்து நோயாளிகளின் அருகே அமர்ந்து, அவர்களைப் பேணுவோருக்கு ஒரு மாலைப் பொழுதை நன்கொடையாக அளிக்கலாம். பொன்னையும் பொருளையும் உண்டியலில் இடுவது போன்றே இதுவும் ஒரு காணிக்கை. வெளிநாட்டு ஊழியர்களைப் பந்தியில் பரிமாறவும் பந்தல் போடவும் மட்டும் அழைக்காமல், கோலாட்டம், கும்மி, கிராமியப் பாட்டு, கவியரங்கம் ஆகியவற்றில் மேடையேற்றலாம். இல்லப் பணிப்பெண்கள் எந்தச் சமயத்தவராயினும் அவர்தம் ஓய்வு நாள் அவர்களுக்கே உரியது என்பதை ஒவ்வோர் இல்லத்தாரும் உள்ளத்தில் கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஒன்று. இவ்வேற்பாடுகளைச் செய்யும் குழுவில், சக்கர நாற்காலியில் வருவோர் ஒருவரும், கண் தெரியாதவர் ஒருவரும், ஊழியர் ஒருவரும் உறுப்பினராக அமர வேண்டும். காலணி எங்கே கடிக்கிறது என்பது அணிந்தவருக்கே தெரியும். அவர்களைக் கேளாமல் அமைக்கும் சரிவுப்பாதை செங்குத்தாக அமைந்துவிடும். அவர்களைக் கேளாமல் வைக்கும் நிகழ்ச்சி அவர்கள் வர இயலாத நேரத்தில் அமைந்துவிடும்.

திருவள்ளுவப் பெருந்தகை ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். உலக நடையை உணர்ந்து, ஒத்து வாழ்ந்து, பெற்றதைப் பகிர்ந்துகொள்ளும் அறம் அது. சோற்றைப் பகிர்வதில் இத்தீவின் ஆலயங்கள் குறை வைத்ததில்லை. பந்தியில் அமர்வோரை யார், எவர் என்று கேட்கும் வழக்கம் இல்லை. அன்னத்தைப் பகிர்ந்தது போலவே மகிழ்ச்சியையும் பகிர்ந்தால் அவ்வறம் நிறைவு பெறும்.

அடுத்த ஆண்டுத் திருவிழாவில் கொடி ஏறும்போது, வந்தவர் எத்தனை ஆயிரம் என்று எண்ணுவதோடு, இவ்வாண்டு வர இயலாதிருந்து அப்போது வந்தவர் எத்தனை பேர் என்றும் ஆலயத்தார் எண்ணிப் பார்ப்பாராக. அவ்வெண்ணிக்கை பத்தாயினும் அது பெருமைக்குரியது. வழியில் நிற்பவை விலகட்டும். விலக்கும் மனமும் வலிமையும் அனைவர்க்கும் வாய்க்க எல்லாம் வல்ல இறைவன் திருவருள் துணை நிற்பதாக!